குட்டி கஸ்பாரின் லத்தீன் வால்

"கஸ்பாரு எழுவாய்தான்யா. அதுல பேச்சே—"

"செத்தவரு எப்படிய்யா எழுவாய் ஆவாரு? எழுவாய்னா ஒரு வேலையைச் செய்யணும். இவரு என்ன வேலை—"

"கெடக்குறாருல்ல! 'இங்கே கிடக்கிறார் கஸ்பார்.' யாரு கெடக்குறது? கஸ்பாரு. கெடக்குறது வேலை இல்லையா? ஆபீசுல ஒக்காந்து நீரு பாத்தது மட்டும்தான் வேலையோ? முதல் வேற்றுமை. பார்வுலுஸ். தீந்துச்சு."

"தீரல. கல்லறைக் கல்லை யாரு வைக்கிறது? பொண்டாட்டி. யாருக்கு வைக்கிறா? கஸ்பாருக்கு. 'கு' வந்துருச்சுல்ல? நாலாம் வேற்றுமை. பார்வுலோ."

"லுஸ்!"

"லோ!"

"லுஸ்ங்கிறேன்!"

"ஐயா," என்றாள் வியாகுலம்மாள். "செத்த நேரம் நிப்பாட்டுங்க. எம்புருசனைப் பத்தித்தான பேசுறீக?"

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி ஒருத்தி மடியில் பூப்பையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் அவர்கள் கண்ணில் பட்டது. அவளுக்கு லத்தீன் தெரியாது. ஆனால் நிலக்கோட்டைப் பூச் சந்தையில் ஏலம் கேட்டு வளர்ந்தவள். இரண்டு ஆண்கள் மாறி மாறிக் கத்தினால், நடுவில் கிடக்கிற கூடை யாருடையது என்று கண்டுபிடித்துவிடுவாள். இன்றைக்கு அந்தக் கூடை கஸ்பார்.

'லுஸ்' என்று கத்தியவர் தலைவர் இருதயநாதன், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். 'லோ' என்றவர் செயலாளர் ஆண்டனிராஜ், காற்று பாதி விழுகிற இடத்தில். காற்றே வராத மூலையில் உறுப்பினர் மரியராஜ் தூங்கிக்கொண்டிருந்தார். கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்த நீள அறையில் கூடும் இந்த மூவருக்குத்தான் கல்லறை வாசகச் சபை என்று பெயர். கல்லறைத் தோட்டத்தில் நடுகிற எந்தக் கல்லிலும் முதலில் வருவது லத்தீனாக இருக்க வேண்டும், அந்த லத்தீன் சபையின் அனுமதி பெற்றதாக இருக்க வேண்டும் என்பது சபையின் சட்டம். கடைசித் தீர்ப்பு நாளில் வானத்திலிருந்து சம்மனசுகள் இறங்கி வந்து வாசிக்கும்போது மொழி தெரியாமல் திண்டாடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

மூவருமே சிறுவயதில் சாமியாருக்குப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பியவர்கள். இருதயநாதன் இரண்டு வருசம் தாக்குப் பிடித்தார். ஆண்டனிராஜ் ஒன்றரை. மரியராஜ் அங்கே வெஞ்சனம் வாய்க்கு விளங்கவில்லை என்று மூன்றாம் மாதமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவரவர் தங்கியிருந்த காலத்துக்குத் தக்கபடியே இன்றைக்கும் விசிறிக் காற்று பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது.

"ஏம்மா வியாகுலம்," என்றார் தலைவர், "ஒம்புருசனை எழுவாயாப் போடணும்னு நான் போராடிட்டு இருக்கேன். இந்த மனுசன் விட மாட்டேங்குறாரு."

"எழுவாய்னு போட்டா எந்திரிச்சு வந்துருவாராய்யா?"

"வர மாட்டாரு. ஆனா கௌரவமாப் படுத்திருப்பாரு."

அவளுக்கு வேண்டியது கௌரவம்கூட இல்லை, இடம். தோட்டம் நிரம்பி வழிந்தது. கல் நடாத குழி, நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வந்தால் பொதுமண். யார் முந்திச் செத்தாலும் அதில் இறக்கிவிடுவார்கள். கஸ்பார் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் போனவர். நவம்பர் பிறப்பதற்குள் கல் நின்றுவிட்டால் அந்த இடம் அவருடையது, அப்புறம் அவளுடையது. ஒரே பாயில் படுத்தெழுந்த புருசன் பொண்டாட்டி, மண்ணுக்குள்ளேயும் ஒரே குழியில் படுக்க வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள்.

கல்லில் 'குட்டி கஸ்பார்' என்று வரவேண்டும் என்று அவள் கேட்டதில்தான் வினை. தோட்டத்தில் ஏற்கெனவே ஒரு கஸ்பார் இருந்தார். அவர் பெரிய கஸ்பார், தலைவர் இருதயநாதனின் பெரியப்பா. இவள் புருசன் பூ வேன் ஓட்டியவர். இரண்டு தலையணையை அடுக்கி, அதன்மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தால்தான் அவருக்கு ரோடு தெரியும். டோல்கேட்டில், வண்டி வருது ஆளைக் காணோமே என்று எட்டிப் பார்ப்பார்கள். ஊரே குட்டி கஸ்பார் என்றுதான் கூப்பிட்டது. வெறும் கஸ்பார் என்று எழுதினால், வருகிறவர்கள் பெரியவருக்கு வைக்க வேண்டிய பூவை இவருக்கும் இவருக்கு வைக்க வேண்டியதை அவருக்கும் வைத்துவிட்டுப் போவார்கள்.

"பெரியவருக்கு 'பெரிய'ன்னு போட்டுக்கிட்டா, இவருக்கு ஒண்ணும் போடாமக்கூட விட்றலாமேய்யா," என்று அவள் முதல் நாளே கேட்டிருந்தாள்.

"எங்க பெரியப்பாவுக்கு அடைமொழி எதுக்கு?" என்றார் தலைவர். "வெறும் கஸ்பார்னு இருந்தாலே பெரியவருன்னுதான் அர்த்தம். சின்ன ஆளுங்கதான் தனியாச் சொல்லிக்கணும்."

ஆக, 'குட்டி'க்கு லத்தீன் தேட வேண்டியதாயிற்று. லத்தீனில் 'பார்வுஸ்' என்றால் சிறிய. அதை இன்னும் கொஞ்சம் குழைத்துக் குட்டியாக்கினால் 'பார்வுலுஸ்.' அதோடு விட்டால் பரவாயில்லை. நம் பேச்சில் குட்டி கஸ்பார் வந்தார், குட்டி கஸ்பாரைப் பார்த்தேன், குட்டி கஸ்பாருக்குச் சோறு போட்டேன் என்று கஸ்பாருக்குத்தான் வால் முளைக்கும், குட்டி குட்டியாகவே இருக்கும். லத்தீனில் குட்டிக்கும் சேர்த்து வால் முளைக்கும். வந்தால் பார்வுலுஸ், பார்த்தால் பார்வுலும், சோறு போட்டால் பார்வுலோ. செத்துப் போனால் எந்த வால் என்பதுதான் இப்போது சபையின் முன் இருந்த பிரச்சினை.

"அவங்ககிட்ட எத்தனை வேற்றுமைய்யா?" என்று கேட்டாள் வியாகுலம்மாள்.

"ஆறும்மா."

"நம்மகிட்ட எட்டுன்னு பள்ளிக்கூடத்துல சொன்னாகளே. நம்மளதே ரெண்டு கூட இருக்கே. அதுலயே எழுதிட்டா என்ன?"

ஆண்டனிராஜ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "கூட இருக்குறதுனால ஒரு விசயம் ஒசத்தி ஆயிராதும்மா."

அதற்குள் அவருடைய போன் அடித்தது. வீட்டிலிருந்து. ஆத்தூர்த் தண்ணீர் வந்துவிட்டது. தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நாளில் சபை எந்தத் தீர்மானத்தையும் தாங்காது. லுஸ்ஸும் லோவும் ஒரே ஸ்கூட்டரில் ஏறி வீட்டுக்குப் போயின. மரியராஜை எழுப்பிவிட்டு வியாகுலம்மாள் விளக்கை அணைத்தாள்.

அடுத்த கூட்டத்தில் வேற்றுமை தள்ளி வைக்கப்பட்டது. அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது ஒன்று இருப்பதாகத் தலைவர் கண்டுபிடித்திருந்தார்.

"அம்மா," என்று எழுந்து நின்றார். எழுந்து நின்றால் அவருக்குப் பேச்சு மேடைத் தமிழுக்கு மாறிவிடும். "ஒரு மனிதனைச் சிறியவன் என்று கல்லில் பொறிப்பது விளையாட்டல்ல. அதற்கு ஒரு தகுதி வேண்டும். நான் என் வாழ்நாளில் எவரையும் சிறியவர் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. எல்லோருமே எனக்கு அப்படித்தான் தெரிந்தார்கள் என்றாலும், அடக்கத்தின் காரணமாகச் சொன்னதில்லை. ஆகவே உங்கள் கணவர் எந்த வகையில் குட்டி என்பதை இச்சபை விசாரித்தறியக் கடமைப்பட்டுள்ளது."

"எந்த வகைன்னா?"

ஆண்டனிராஜ் விளக்கினார். லத்தீன்காரன் ஒரு பெயரடையைக் குட்டியாக்கினால் அதில் மூன்று உள்ளர்த்தம் இருக்கலாம். ஆள் அளவில் சிறியவர், அது ஒன்று. ஆள் செல்லம், அது இரண்டு. ஆளைக் கண்டால் இளக்காரம், அது மூன்று. "இதுல எது?"

"மூணும்தான்," என்றாள் வியாகுலம்மாள். "வளத்தியைப் பாத்துக் குட்டின்னாக. எனக்குச் செல்லம். எங்க மாமியாவுக்கு இளக்காரம்."

"மூணையும் ஒரே வாலுல கட்ட முடியாதும்மா. செல்லம்னா வேற சொல்லு. 'புல்கெல்லுஸ்.' அழகுக்குட்டின்னு அர்த்தம். பரிதாபம்னா 'மிசெல்லுஸ்.' ஏழைன்னா 'பௌபேர்குலுஸ்.'"

"பெரிய ஏழையா இருந்தா 'பௌபேர்', தனி வகுப்பு, வாலே வேற," என்று இடைமறித்தார் தலைவர். "குட்டி ஏழை ஆயிட்டா எல்லாரு மாதிரியும் லுஸ், லா, லும்தான். எம்புட்டுப் பெரிய சொல்லா இருந்தாலும் சிறுத்துப்போச்சுன்னா ஒரே வரிசைல வந்து நின்றணும். அந்த ஒழுங்குக்காகத்தான் நான் அந்த மொழிய நேசிக்கிறேன்."

"ஏழைங்கிறதை அடிச்சிருங்க," என்றார் ஆண்டனிராஜ். "வேன் சொந்த வேன். அழகு இருக்கு. போட்டோ வச்சிருக்கியாம்மா?"

வியாகுலம்மாள் கைப்பையிலிருந்து கஸ்பாரை எடுத்துக் கொடுத்தாள். கல்யாணத்தில் எடுத்த படம். படம் மேசையைச் சுற்றி வந்தது. தலைவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார்.

"மூக்கு கொஞ்சம் எடுப்பு."

"காதும்தான். மீசை பரவாயில்ல."

"மரியராஜ், எந்திரியும். இவரு அழகா?"

மரியராஜ் கண்ணைத் திறந்து படத்தைப் பார்த்தார். "இதுல மாப்பிள்ள எவரு?" என்றார். படத்தில் இருந்தது ஒரே ஆள்தான். கஸ்பார் சபையின் கண்ணுக்கு அழகில்லை என்று முடிவாயிற்று.

"எனக்கு அழகாத்தான்யா இருந்தாரு," என்றாள் வியாகுலம்மாள்.

"அது நாலாம் வேற்றுமை," என்றார் ஆண்டனிராஜ் உடனே. "எனக்-கு. பாத்தீரா? அந்தம்மா வாயிலயே நாலாம் வேற்றுமைதான் வருது!"

கடைசியில் அளவு என்றே வைத்துக்கொள்வோம் என்று ஒப்புக்கொண்டு, அளவை நிரூபிக்க வேன் வரவழைக்கப்பட்டது. கோயில் வாசலில் அது நின்றது, கொஞ்சம் மல்லிகை வாசத்தோடு. தலைவர் அந்த இரண்டு தலையணைகளிலும் மடித்த சாக்கிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தார். தலை கூரையில் முட்டியது. இறங்கி, தலையணைகளை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். அப்போது அவருக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை. அவர் இறங்கி, வேன் கதவை மெல்லச் சாத்தினார்.

"சரி. குட்டிதான். ஆனா ரொம்பக் குட்டின்னு சொல்ல மாட்டேன்," என்றார்.

செப்டம்பர் மாதாத் திருவிழா முடிந்து, ஜெபமாலை மாதமான அக்டோபரும் பிறந்துவிட்டது. வியாகுலம்மாள் பங்குச் சாமியிடம் போனாள். இளம் சாமியார், ஊருக்குப் புதிது. ஒலிபெருக்கியைத் தானே கழற்றிப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, எம்புருசன் கல்லுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அவுக ரெண்டு பேரும் வாரத்துக்கு ஒரு வாலைப் பிடிச்சுக்கிட்டு இழுக்குறாக."

"அது சபை விசயம்மா. நான் தலையிட்டா, அடுத்த திருவிழாக் கொடியேத்தத்துக்கு மூணு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க."

"சாமிக்கு லத்தீன் தெரியும்ல? நீங்களே ஒண்ணைச் சொல்லிருங்களேன்."

சாமியார் கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க காலத்துல அதெல்லாம் சொல்லித் தரலம்மா. எனக்கு 'ஆமென்' தெரியும்."

"அது லத்தீனா சாமி?"

"அதுவும் இல்லன்னு நெனக்கிறேன்," என்றார் சாமியார்.

அங்கிருந்து அவள் பழனி ரோட்டில் இருக்கும் கல்பட்டறைக்கு நடந்தாள். பெருமாள்சாமி ஒட்டன்சத்திரத்துக்காரர். அம்மனுக்கும் அடிப்பார், அந்தோணியாருக்கும் அடிப்பார். கஸ்பாரின் கறுப்புக் கல் மெருகேறி, மேலே ஒரு சிலுவையோடு, சுவரில் சாய்ந்து காத்துக்கொண்டிருந்தது.

"வாங்கம்மா, ஒக்காருங்க. ஏனுங்க, உங்க செயலாளருக்கு வேற வேலையே இல்லீங்களா? திங்கக்கிழமை வாட்சப்புல 'லோ'ங்கிறாரு. செவ்வாக்கிழமை தலைவர் போன் போட்டு 'லுஸ்'ங்கிறாரு. போன வாரம் ரெண்டு பேரும் கட்சி மாறிட்டாங்க போலிருக்குதுங்க. தலைவர் 'லி'ங்கிறாரு."

"லியா? அது புதுசா இருக்கே."

"கஸ்பாரோட எலும்புன்னு போடப் போறாங்களாமா. ஆறாம் வேற்றுமைங்களாமா. அதைக் கேட்டதும் செயலாளர், 'எலும்பு மட்டும்னா மத்ததெல்லாம் எங்க? கஸ்பாரைப் பொதைச்சோம்னு முழுசாப் போடணும்'னு 'லும்'முக்குப் போயிட்டாருங்க." பெருமாள்சாமி உளியைக் கீழே வைத்தார். "எனக்கு ஒரு யோசனைங்கம்மா. எல்லாத்துலயும் முன்னாடி பார்வுல், பார்வுல்னு ஒண்ணுதானுங்க வருது? அது வரைக்கும் அடிச்சு நட்டுப் போடறேன். வாலுக்கு எடம் விட்டுடலாம். அவங்க பேசி முடிச்சதும் நான் தோட்டத்துக்கே வந்து அடிச்சுக் குடுத்தர்றனுங்க."

வியாகுலம்மாளுக்கு அது நியாயமாகப் பட்டது. சபைக்குக் கொண்டுபோனாள்.

"வாலில்லாத சொல்லா!" தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "வால் இல்லையென்றால் அது சொல்லே இல்லை, அம்மா! அசைவற்று, உறவற்று, யாரோடும் சேராமல் கிடக்கும் வெறும் பிணம்!"

"கல்லறைத் தோட்டத்துலதானய்யா வைக்கப் போறோம்," என்றாள் வியாகுலம்மாள்.

அவளை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

கல்லறைத் திருநாள் நெருங்கிவிட்டது. தோட்டத்துக் காவல்காரர் காமராஜ் கல் இல்லாத மேடுகளுக்கெல்லாம் பொதுமண் என்று சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். கஸ்பாரின் தலைமாட்டில் அவர் வாளியோடு குனிந்தபோது வியாகுலம்மாள் ஓடிப் போய் மேட்டின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரிக்கா. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"கல்லு ரெடியாருக்குப்பா. வாலு மட்டும்தான் வரணும்."

"எதுக்கு வாலு?"

"அதைச் சொல்லி முடிக்க எனக்கு ஆயுசு பத்தாது. எங்களைத் தாண்டிப் போயிரு."

அவர் தாண்டிப் போனார், ஆனால் ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் போனார்.

அன்று மாலையே அவள் சபைக்குள் நுழைந்து, பெஞ்சில் உட்காராமல் நின்றாள். "ஐயா, கும்புட்டுக் கேக்குறேன். சுண்ணாம்பு என் தலைமாட்டு வரைக்கும் வந்துருச்சு. லுஸ்ஸோ லோவோ, கையத் தூக்கி ஓட்டுப் போட்டு இன்னிக்கே முடிங்க."

ஓட்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் தலைவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மரியராஜ்கூட விழித்துக்கொண்டார்.

அந்தச் சபையில் ஓட்டு கிடையாது. முன்பு ஒருமுறை ஓட்டெடுத்ததில் தோற்றுப்போன உறுப்பினர் கோபித்துக்கொண்டு, வேறொரு ஜெபவீட்டுக்குப் போய் அங்கே கிதார் வாசிக்கத் தொடங்கிவிட்டார். நன்றாக வாசித்தார் என்பதுதான் இவர்களுக்குத் தாங்க முடியவில்லை. அன்று முதல் யாரையும் தோற்கடிப்பதில்லை என்று சபை முடிவு செய்தது. தோட்டத்துக் கேட்டுக்கு எந்த வண்ணம் அடிப்பது என்று பேச்சு வந்தபோது, ஒரு கதவுக்குப் பச்சையும் இன்னொரு கதவுக்குச் சிவப்பும் அடித்தார்கள். ஊரில் இருப்பவர்கள் அதைக் கடக்கும்போது இன்றைக்கும் ரயில் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

"ஓட்டுப் போட்டா ஒருத்தர் மனசு நோகும்மா," என்றார் ஆண்டனிராஜ் மெதுவாக.

"அப்ப யாரு மனசும் நோகாத மாதிரி எதையாச்சும் எழுதுங்க."

இருதயநாதனும் ஆண்டனிராஜும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பல மாதங்களில் முதல்முறையாக இருவர் முகத்திலும் ஒரே சமயத்தில் ஒரே ஒளி வந்தது.

"எல்லாத்தையும் போட்டுட்டா?" என்றார் ஒருவர்.

"எல்லாத்தையும்!" என்றார் மற்றவர்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பார்வுலுஸ் தலைவருக்கு. பார்வுலோ செயலாளருக்கு. இடையில் இருவரும் கட்சி மாறிய வகையில் பார்வுலியும் பார்வுலும்மும். மரியராஜ் தொண்டையைக் கனைத்தார்.

"கூப்புடுறதை விட்டுட்டீங்களே. 'ஏ, பார்வுலே!' அது ஒண்ணுதான் நான் படிச்சது."

அவர் மனம் நோகக் கூடாது. பார்வுலே சேர்ந்தது. கஸ்பாரால், கஸ்பாரிடமிருந்து என்று வருகிற வால் ஒன்று மிச்சமிருந்தது, அதை மட்டும் எதற்கு அநாதையாக விட வேண்டும் என்று அதையும் சேர்த்தார்கள். அதுவும் பார்வுலோதான். இருந்தாலும் அது வேறு பார்வுலோ என்பதால் தனி வரி.

"ஒருமை மட்டும் போதாது," என்றார் ஆண்டனிராஜ். "உயிர்த்தெழுற நாள்ல சனங்க கும்பலாத்தான் எந்திரிப்பாங்க. அன்னிக்குக் கல்லு தப்பாயிரக் கூடாது." பன்மையும் சேர்ந்தது. பார்வுலி, பார்வுலோரும், பார்வுலிஸ், பார்வுலோஸ் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக.

செயலாளர் அதைப் படம் பிடித்துப் பட்டறைக்கு அனுப்பினார். உடனே பெருமாள்சாமியின் குரல் வந்தது. ஆண்டனிராஜ் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, இதை அடிச்சா கல்லு கால் வரைக்கும் ரொம்பிப் போயிருமுங்க. அவரு பேரை எங்கீங்க போடறது?"

வியாகுலம்மாள் தலைவரைப் பார்த்தாள். தலைவர் மறுபடி எழுந்து நின்றார்.

"பெயர்! எல்லோரும் பெயரைத்தான் கேட்கிறார்கள். பெயர் என்பது மூன்றாம் வகுப்பு, அம்மா; பெயரடையோ இரண்டாம் வகுப்பு. பெயருக்கு வேற்றுமை பார்க்கத் தொடங்கினால் அதற்குத் தனித் தீர்மானம் வேண்டும்; அது அடுத்த ஆண்டுக்குப் போகும். இப்போதைக்கு அடை இருக்கிறது. அடை இருந்தால் போதும். பெயர் எங்கிருந்தாலும் தேடிக்கொண்டு வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். நானே கூட, தலைமையாசிரியர், தலைவர், மூத்த, மதிப்பிற்குரிய, இவையெல்லாம் இருக்கும்போது, என் பெயரை எத்தனை பேர் கேட்கிறார்கள்?"

"பேரு இல்லாமப் போனா..." என்று இழுத்தாள் வியாகுலம்மாள்.

"பேரு வேணும்னா அடுத்த வருசம். கல்லு வேணும்னா இந்த வருசம்," என்றார் ஆண்டனிராஜ். "நீயே சொல்லும்மா."

அவள் சுண்ணாம்புப் புள்ளியை நினைத்தாள். "கல்லு நிக்கட்டும்," என்றாள்.

கல்லறைத் திருநாளன்று தோட்டம் திருவிழா மாதிரி இருந்தது. மேட்டுக்கு மேடு செவ்வந்தி, மெழுகுவத்தி, பொரி. வியாகுலம்மாள் விடியற்காலையிலேயே நிலக்கோட்டையிலிருந்து வந்த முதல் மல்லிகையை வாங்கி, கஸ்பாரின் மேட்டை மண் தெரியாமல் மூடிவிட்டாள். தலைமாட்டில் கல் நின்றது. சிலுவைக்குக் கீழே ஆரம்பித்து மண் வரைக்கும் வரி வரியாக எழுத்து. எங்கும் கஸ்பார் இல்லை. ஆனால் காமராஜின் சுண்ணாம்புப் புள்ளியும் இல்லை. அது போதும் என்று அவள் மூச்சு விட்டாள்.

பக்கத்து மேட்டுக்கு வந்த அம்மாள் ஒருத்தி கல்லை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு வாயில் கையை வைத்தாள். "ஏத்தா, ஒரே வீட்டுல இம்புட்டுப் பேருமா? என்னாச்சு, வேன் கவுந்துருச்சா?"

"இல்லத்தா. ஒரே ஆளுதான். மத்ததெல்லாம் அவரு வாலு."

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. இருந்தாலும் நல்ல மனசு. வரிக்கு ஒன்றாக மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டுப் போனாள்.

சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு கல்லிலும் இருக்கிற பெயரை வாசித்து மன்றாடுவது வழக்கம். இந்தக் கல்லுக்கு முன்னால் வந்ததும் சற்று நின்றார், மெழுகுவத்திகளைப் பார்த்தார், முகம் கலங்கிவிட்டது. ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனார்.

"இங்கே ஒன்றாகத் துயில்கொள்ளும் பார்வுலுஸ், பார்வுலி, பார்வுலோ, பார்வுலும், பார்வுலே, இன்னொரு பார்வுலோ, ஆகியோருடைய ஆன்மாக்களுக்காகவும்..."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றது கூட்டம்.

"மற்றும் அவர்கள் குடும்பத்தைச் சேர்ந்த இளைய பார்வுலி, பார்வுலோரும், பார்வுலிஸ்..."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

வியாகுலம்மாள் தலைவரைப் பார்த்தாள், இப்போதாவது ஏதாவது சொல்வார் என்று. இருதயநாதன் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். கன்னத்தில் நீர் வழிந்தது.

"உச்சரிப்பைக் கேட்டீரா ஆண்டனி?" என்றார். "ஒரு வேற்றுமை பிசகல. ஆறும் வரிசை மாறாம வந்துச்சு. இந்த மண்ணுல இதைக் கேக்குற வரைக்கும் என்னை உசிரோட வச்சிருந்தாரே!"

"லோவுல கொஞ்சம் அழுத்தம் கூட," என்றார் ஆண்டனிராஜ், அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சாமியார் நகர்ந்ததும், அவர் பின்னால் வந்த காமராஜ் நின்றார். கையில் சுண்ணாம்பு வாளி இல்லை, நீலப் பெயிண்ட் டப்பா இருந்தது. கல்லின் வரிகளை விரல் வைத்து மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டார். தலையை ஆட்டிக்கொண்டு, கல்லின் காலடியில் நீலத்தில் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டார்.

"இது என்னப்பா காமராசு? அதான் கல்லு வச்சாச்சுல்ல?"

"வச்சதுனாலதான்க்கா. இனி இந்தக் குழிய யாரும் தொட முடியாது. நீங்க நிம்மதியா இருக்கலாம்."

"அப்பாடா. அப்புறம் எதுக்கு நீலத்துல குறி?"

"குழி ரொம்பிருச்சுன்னு குறி. இங்க வரிக்கு ஒரு ஆளுன்னுதான் கணக்கு. குடும்பக் குழின்னா மூணு பேரு. அதுக்கு மேல ஒருத்தரையும் எறக்கக் கூடாதுன்னு சபையில எழுதிக் குடுத்துருக்காக. இதுல மூணுக்கு மேல எங்கயோ போயிருச்சு. சாமியும் மைக்குல வாசிச்சுட்டாரு. நான் என்ன செய்ய?"

"எப்பா, உள்ள ஒருத்தர்தான் இருக்காருன்னு ஒனக்கே தெரியும்ல. நீதான குழி வெட்டுன?"

"தெரியும்க்கா. ஆனா நான் எழுதுனதைத்தான் பாக்கணும். தலைவரு எங்கிட்ட அடிச்சுச் சொல்லிருக்காரு, 'ஒனக்குத் தெரிஞ்சதைப் பாக்காத, கல்லுல உள்ளதைப் பாரு'ன்னு."

தலைவர் அப்போதுதான் கண்ணைத் துடைத்துவிட்டுத் திறந்தார். "ஆமாம்மா, விதி விதிதான். வேணும்னா ஒரு மனு குடு. அடுத்த கூட்டத்துல வச்சு, இவங்கள்லாம் ஒரே ஆளுதான்னு ஒரு தீர்மானம் போட முடியுமான்னு பாப்போம். ஆனா அதுல செயலாளருக்குக் கருத்து வேறுபாடு வரலாம்."

"வரும்," என்றார் ஆண்டனிராஜ். "பன்மையை எப்படி ஒரே ஆளுங்கிறது?"

வியாகுலம்மாள் மேட்டின் ஓரமாக உட்கார்ந்தாள். உதிர்ந்து கிடந்த மல்லிகைகளைக் கூட்டிச் சேர்த்து நடுவில் வைத்தாள். கல்லைக் கீழிருந்து மேலே ஒருதரம் பார்த்தாள். பிறகு தலைவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரிங்கய்யா. நாளைக்கு நான் வந்தா, எம்புருசன் பக்கத்துல படுத்திருக்குற இந்தப் பயலுகள்ல யாரை எந்திரிக்கச் சொல்லட்டும்?"